மீனின் கண்ணும் ஸ்டென்சில் துளையும்: ஜப்பானியத் தொடக்கப்பள்ளிக் கலைக்கல்வியில் ஒரு படநூல்

ஆய்வுச்சுருக்கம்

வெட்டிய தாளின் துளை வழியாக வண்ணத்தைப் பதிக்கும் ஸ்டென்சில் அச்சு, ஜப்பானில் துணிச்சாயக் கைவினையாகவும் பள்ளி ஆசிரியரின் படியெடுப்புக் கருவியாகவும் நெடுங்காலம் வழங்கியது. எனினும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கட்டற்ற ஓவிய இயக்கம், ஒரே வடிவத்தைத் திரும்பச் செய்வதைக் குழந்தைக் கலைக்கு எதிரானதாகக் கண்டது. இம்முரண்பாட்டைத் தீர்ப்பதில் லியோ லியோனியின் 'ஸ்விம்மி' என்னும் படநூல் எவ்வாறு உதவக்கூடும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரே வடிவம் பலமுறை தோன்றுவதற்குரிய காரணம் அக்கதைக்குள்ளேயே இருக்கிறது என்பதும், வெட்டும் செயல் குழந்தையின் கையில் இருக்கும்வரை மட்டுமே அக்காரணம் கற்பித்தலில் பயன் தரும் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஸ்டென்சில் அச்சு, படநூல், ஜப்பானியக் கலைக்கல்வி, லியோ லியோனி, யமமோதோ கனாயே, காரிபான்.

முன்னுரை

ஒரு தாளில் வடிவமொன்றை வெட்டியெடுத்து, எஞ்சிய துளையின்மேல் வண்ணத்தை ஒற்றினால் அவ்வடிவம் அடித்தாளில் பதியும். தாளை நகர்த்தி மீண்டும் ஒற்றினால் அதே வடிவம் மறுபடியும் கிடைக்கும். வாசலில் துளைத்தகட்டை வைத்துக் கோலப்பொடி தூவுவோர் அறிந்த அதே நெறிதான் இது. செலவு குறைந்ததும் எளியதுமான இம்முறை தொடக்கப்பள்ளிக்கு ஏற்றதாகவே தோன்றும். ஆயினும் கலைக்கல்வி வரலாற்றில் இதன் இடம் ஐயத்திற்குரியதாகவே இருந்துள்ளது. குழந்தை தன் கண்ணால் கண்டதைத் தன் கையால் வரைய வேண்டும் என்னும் கொள்கைக்கும், ஒரே அச்சை ஐம்பது முறை பதிக்கும் செயலுக்கும் இடையே வெளிப்படையான பூசல் உண்டு.

இப்பூசல் தெளிவாக வெளிப்பட்ட நாடுகளுள் ஜப்பான் ஒன்று. ஸ்டென்சில் மரபு அங்கு ஆழமாக வேரூன்றியிருந்தது. நகலெடுத்து வரைவதற்கு எதிரான கிளர்ச்சியும் அங்கு வலுவாக எழுந்தது. இவ்விரண்டும் ஒரே வகுப்பறையில் சந்தித்தபோது எழுந்த சிக்கலையும், அதற்குப் படநூல் ஒன்று காட்டும் வழியையும் பின்வரும் பகுதிகள் ஆராய்கின்றன.

1. கைவினை மரபில் ஸ்டென்சில்

ஜப்பானியத் துணிச்சாயத்தில் பயன்பட்ட வெட்டுத்தாள் 'கதகாமி' எனப்பட்டது. இன்றைய மியே மாகாணத்தின் சுசுகா நகரத்தில் அடங்கிய ஷிரோகோ, ஜிகே ஆகிய ஊர்கள் இத்தொழிலின் மையங்களாக விளங்கின. எதோ காலத்தில் கிஷூ தொகுகாவா ஆட்சியின் பாதுகாப்பு இவ்வூர் வணிகர்களுக்குக் கிடைத்தது. கைத்தாள்கள் சிலவற்றைப் பெர்சிமன் காயின் துவர்ச்சாற்றால் ஒன்றோடொன்று ஒட்டிப் பதப்படுத்துவர். இதனால் தாள் பழுப்பு நிறம் பெற்று, நீரால் எளிதில் நைந்துபோகாத உறுதியை அடைந்தது. அத்தாளில் மெல்லிய கத்தி, துளையூசி, வடிவ உளி முதலியவற்றால் நுண்ணிய கோலங்கள் வெட்டப்பட்டன.

இக்கைவினையின் அடிப்படைச் சிக்கல் ஒன்றை இங்குச் சுட்டுதல் வேண்டும். ஒரு வளையத்தை முழுமையாக வெட்டினால் அதன் நடுப்பகுதி பிடிப்பின்றிக் கீழே விழுந்துவிடும். துளைக்குள் ஒரு தீவு நிற்க வேண்டுமாயின் அதனைச் சுற்றுப்புறத்தோடு பிணைக்கும் பாலம் தேவை. இசே கைவினைஞர்கள் இதற்கு நுட்பமான தீர்வு கண்டனர். வெட்டிய தாளை இரண்டு படலங்களாகப் பிரித்து, நடுவே பட்டு நூல்களைப் பரப்பி மீண்டும் ஒட்டினர். நூல் மெல்லியதாதலின் சாயப்பசை அதனைச் சூழ்ந்து ஊடுருவியது. தீவுகளும் தத்தம் இடத்தில் நின்றன. பிற்காலத்தில் பட்டு வலையை ஒட்டும் முறை இதன் இடத்தைப் பெற்றது. துளையும் தீவும் பாலமும் என்னும் இம்மூன்றுமே ஸ்டென்சிலின் இலக்கணம் எனலாம்.

இத்தொழிலில் உழைப்பு பிரிக்கப்பட்டிருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. தாளை வெட்டியவர் ஒருவர். அதனைத் துணியின்மேல் இட்டுச் சாயமேற்றியவர் வேறொருவர். 20ஆம் நூற்றாண்டில் செரிசாவா கெய்சுகே இப்பிரிவினையைக் கடந்தார். வரைதல், வெட்டுதல், சாயமிடுதல் ஆகிய அனைத்தையும் ஒரே கலைஞரின் பணியாக்கினார். தோன் கிஹோத்தே கதையை ஜப்பானிய வீரர் கோலத்தில் அமைத்து, 1937ஆம் ஆண்டு ஸ்டென்சில் முறையில் அவர் உருவாக்கிய படநூல், இந்நுட்பம் கதை சொல்லவும் வல்லது என்பதற்குச் சான்றாகும். 1956ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு இத்துறையில் அவருக்கு 'வாழும் தேசியச் செல்வம்' எனப் பொதுவாக வழங்கப்பெறும் தகுதியை அளித்தது.

2. ஆசிரியர் மேசையில் ஸ்டென்சில்

பள்ளிக்குள் ஸ்டென்சில் முதலில் நுழைந்தது கலைப்பாடத்தின் வழியாக அன்று. படியெடுப்புக் கருவியாகவே அது நுழைந்தது. 1894ஆம் ஆண்டு ஹொரீ ஷின்ஜிரோ ஜப்பானிய எழுத்துக்கு ஏற்ற கைப்படியெடுப்புக் கருவியை உருவாக்கினார். மெழுகு பூசிய மெல்லிய தாளை அரம்போன்ற எஃகுத் தகட்டின்மேல் வைத்து இரும்பு எழுத்தாணியால் எழுதினால், எழுதிய இடத்தில் மெழுகு நீங்கி நுண்துளைகள் உண்டாகும். மையுருளையை அதன்மேல் ஓட்டினால் கீழுள்ள தாளில் எழுத்துப் பதியும். எழுதும்போது எழும் 'காரிகாரி' என்னும் ஒலியால் இது 'காரிபான்' எனப் பெயர் பெற்றது. தமிழகப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் சைக்ளோஸ்டைல் என்று வழங்கிய முறையோடு இது நெருங்கிய உறவுடையது.

வினாத்தாள், அறிவிப்பு, பயிற்சித்தாள் எனப் பள்ளியின் அன்றாடத் தேவைகள் பலவற்றையும் காரிபான் நிறைவேற்றியது. மாணவர் கட்டுரைகளைத் தொகுத்து வகுப்புத் தொகுப்பேடு வெளியிடும் வழக்கமும் இதனால் பரவியது. யமகதா மாகாணத்து மலைக்கிராமப் பள்ளி மாணவர்கள் தம் வறுமையைப் பற்றி எழுதிய கட்டுரைகள், காரிபான் தொகுப்பேடாக வெளிவந்த பின்னரே 1951ஆம் ஆண்டு 'யமபிகோ கக்கோ' என்னும் புகழ்பெற்ற நூலாயின. இவ்வாறு ஸ்டென்சில் குழந்தையின் குரலைப் பெருக்கும் கருவியாக ஏற்கெனவே மதிப்புப் பெற்றிருந்தது. ஆனால் அங்குப் பெருக்கப்பட்டது எழுத்தே. ஓவியத்தில் நிலைமை வேறாக இருந்தது.

3. நகலெடுப்புக்கு எதிர்ப்பு

மெய்ஜி காலப் பள்ளிகளில் ஓவியக் கல்வி என்பது பெரும்பாலும் மாதிரிப்படத்தைப் பார்த்து அவ்வாறே வரைவதாக இருந்தது. கையைப் பழக்குவதும் கண்ணைக் கூர்மையாக்குவதும் அதன் நோக்கங்கள். இதனை வன்மையாக மறுத்தவர் ஓவியர் யமமோதோ கனாயே ஆவார். பிரான்சில் பயின்று, 1916ஆம் ஆண்டு ருஷ்யா வழியாகத் தாயகம் திரும்பிய அவர், மாஸ்கோவில் குழந்தைகளின் ஓவியங்களைக் கண்டு பெரிதும் ஈர்க்கப்பட்டார். 1919ஆம் ஆண்டு நகானோ மாகாணத்துக் கங்காவா தொடக்கப்பள்ளியில் குழந்தைகளின் கட்டற்ற ஓவியக் கண்காட்சியை நடத்தினார். 1921இல் தம் கொள்கையை விளக்கி நூலும் வெளியிட்டார். மாதிரியை ஒதுக்கிவிட்டு, குழந்தை இயற்கையை நேரே கண்டு வரைய வேண்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

யமமோதோ ஓர் அச்சுக்கலைஞரும் ஆவார் என்பது இவ்வாய்வுக்கு இன்றியமையாத செய்தி. 1904ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட 'மீனவர்' என்னும் மரச்செதுக்கு அச்சு, ஜப்பானியப் படைப்பச்சு இயக்கத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. பழைய அச்சு மரபில் வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர் ஆகியோர் தனித்தனியர். புதிய இயக்கமோ தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சிடுவதை நெறியாகக் கொண்டது. ஆகவே நகலெடுப்பை எதிர்த்த அவர், படிகள் பலவற்றைத் தரும் கலையையே தம் கலையாகக் கொண்டிருந்தார். இதனை முரண் என்று கொள்ள வேண்டியதில்லை. அவர் எதிர்த்தது பிறர் வடிவத்தைத் திரும்பச் செய்வதையே. தன் வடிவத்தைத் தானே திரும்பச் செய்வதை அன்று. இவ்வேறுபாடு பள்ளி ஸ்டென்சிலை மதிப்பிடுவதற்குரிய அளவுகோலாக அமைகிறது.

4. பாடத்திட்டத்தில் அச்சோவியம்

இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஓவியமும் கைவேலையும் 'ஸுகா கோசாகு' என்னும் ஒரே பாடமாக இணைந்தன. 1951ஆம் ஆண்டு ஓதா கோஷி முதலியோரின் முயற்சியால் ஜப்பான் கல்வி அச்சோவியச் சங்கம் தோன்றியது. உழைப்பு, குடும்பம், ஊர் ஆகியவற்றை மாணவர் தம் அச்சோவியங்களில் சித்திரிக்க இவ்வியக்கம் ஊக்கமளித்தது. 1958ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் அச்சோவியம் செய்தலைத் தொடக்கப்பள்ளிப் பாடப்பொருளாகவே குறிப்பிட்டது.

மரத்தைச் செதுக்குவதற்கு வலிமையும் கவனமும் வேண்டும். உளி சிறு குழந்தைக்கு உகந்ததன்று. ஆதலால் கீழ்வகுப்புகளில் காகித அச்சு, பொருள்களை மையில் தோய்த்து ஒற்றுதல், ஸ்டென்சில் ஆகிய எளிய முறைகள் இடம்பெற்றன. பின்னர் 1977ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டு 1980இல் தொடக்கப்பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், கீழ்வகுப்புக் கலைப்பாடத்தில் 'உருவாக்க விளையாட்டு' என்னும் கருத்தை முன்வைத்தது. முடிந்த படத்தைவிடப் பொருளோடு குழந்தை ஈடுபடும் செயலுக்கு இது முதன்மை தந்தது. அதே 1977ஆம் ஆண்டு, மிட்சுமுரா தோஷோ பதிப்பகத்தின் இரண்டாம் வகுப்பு மொழிப்பாடநூலில் 'ஸ்விம்மி' இடம்பெற்றது. இவ்விரண்டும் திட்டமிட்ட இணைப்பு அல்ல எனினும், ஒரே வகுப்பாசிரியர் மொழியையும் கலையையும் கற்பிக்கும் தொடக்கப்பள்ளியில் இவை சந்திப்பது இயல்பே.

5. லியோனியின் படநூலும் அதன் உருவாக்கமும்

லியோ லியோனி 1910ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். இத்தாலியில் வாழ்ந்து பின்னர் அமெரிக்காவுக்குப் பெயர்ந்து, விளம்பர வடிவமைப்பாளராகவும் 'ஃபார்ச்சூன்' இதழின் கலை இயக்குநராகவும் பணியாற்றினார். தொடர்வண்டிப் பயணத்தில் பேரக்குழந்தைகளை மகிழ்விக்க இதழின் வண்ணப் பக்கங்களைக் கிழித்துக் கதை சொன்னதிலிருந்து, 1959ஆம் ஆண்டு அவரது முதல் படநூல் பிறந்தது. எனவே துண்டாக்கிய காகித வடிவம் கதைமாந்தராவது அவர் படைப்பின் தொடக்கத்திலேயே காணப்படும் பண்பாகும்.

'ஸ்விம்மி' 1963இல் வெளிவந்தது. 1964இல் கால்டெகாட் மதிப்புறு நூலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1969ஆம் ஆண்டு கவிஞர் தனிகாவா ஷுன்தாரோவின் மொழிபெயர்ப்பில் ஜப்பானியப் பதிப்பு வந்தது. சிவப்பு மீன்களின் கூட்டத்தில் ஒன்று மட்டும் கறுப்பு. பெருமீன் ஒன்று சிவப்பு மீன்களை விழுங்கிவிட, கறுப்பு மீன் தனியே தப்பிக் கடலின் அற்புதங்களைக் கண்டு தேறுகிறது. பின்னர் அச்சத்தால் ஒளிந்திருக்கும் வேறொரு சிவப்புக் கூட்டத்தைச் சந்திக்கிறது. எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய மீனின் வடிவில் நீந்தவும், தான் அதன் கண்ணாக இருக்கவும் வழி காண்கிறது. பகைமீன்கள் ஓடுகின்றன.

இந்நூலின் படங்களில் நீர்வண்ணக் கசிவுகளோடு ஒற்றியெடுத்த தடங்களும் கலந்துள்ளன. சிறு மீன்கள் முத்திரை ஒற்றுவதுபோல் பதிக்கப்பட்டவை. கடற்செடிகளில் பின்னல் துணியின் தடம் தெரிகிறது. மீன்கள் ஒரே வார்ப்பில் அமைந்திருந்தும், வண்ணம் அடர்ந்தும் மெலிந்தும் விழுந்திருப்பதால் ஒவ்வொன்றும் சற்றே வேறுபடுகிறது. ஆகவே கதை எதனைச் சொல்கிறதோ அதனையே செய்முறையும் சொல்கிறது.

6. துளையும் துண்டும்: செய்முறைப் பகுப்பாய்வு

இக்கதையை ஒட்டி ஜப்பானிய வகுப்பறைகளில் ஒற்றுதல், மெழுகுவண்ண விலக்கு ஓவியம், ஸ்டென்சில் எனப் பல செயல்கள் நடைபெறுகின்றன. இவற்றுள் ஸ்டென்சிலுக்கும் ஒற்றுதலுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. ஒற்றுமுத்திரையில் வடிவம் என்பது பொருள். ஸ்டென்சிலில் வடிவம் என்பது பொருளின் இன்மை. இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு இது பெரிய கண்டுபிடிப்பாகும்.

செயல் பின்வருமாறு அமையும். சற்றுத் தடித்த வரைதாளை இரண்டாக மடித்து, மடிப்பிலிருந்து தொடங்கிப் பாதி மீனைக் கத்தரிக்கோலால் வெட்டி மடிப்பிலேயே முடிக்க வேண்டும். விரித்தால் தாளின் நடுவே முழுமீன் வடிவத் துளை கிடைக்கும். கூரிய கத்தி இல்லாமல் துளை வெட்டும் வழி இதுவே. கூடவே மீன் வடிவத் துண்டு ஒன்றும் கையில் எஞ்சும். துளை வழியே ஒற்றினால் வண்ண மீன் தோன்றும்; துண்டை வைத்துச் சுற்றிலும் ஒற்றினால் வண்ணக் கடலில் வெள்ளை மீன் தோன்றும். இவ்வாறு ஒரே வெட்டிலிருந்து எதிரெதிரான இரண்டு அச்சுகள் பிறக்கின்றன.

வண்ணத்தைத் தூரிகையால் தீட்டுவதைவிட, பஞ்சைத் துணியில் பொதிந்து கட்டிய ஒற்றுப்பொதியால் மெல்ல ஒற்றுவது நன்று. நீர் மிகுந்தால் வண்ணம் தாளின் அடியில் கசிந்து விளிம்பு கெடும். இசே கைவினைஞர் துவர்ச்சாறு பூசித் தீர்த்த அதே சிக்கலைக் குழந்தை வண்ணத்தில் நீரைக் குறைத்துத் தீர்க்கிறது. மீன் திரும்பி நீந்த வேண்டுமாயின் தாளைச் சுழற்ற வேண்டும். ஆனால் ஒருபுறம் வண்ணம் படிந்த தாளைக் கவிழ்த்தால் அடித்தாள் கறைபடும். உலரும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். பொருளின் இயல்பே இங்கு ஆசிரியராகிறது.

அடுத்துக் கண் பற்றிய சிக்கல் எழுகிறது. மீனுக்குக் கண் வேண்டும் என்று குழந்தை கேட்பது உறுதி. துளைக்குள் கண்ணை வைக்க முடியாது. முன்னர்க் கண்டதுபோல் அது பாலமற்ற தீவாகி விழுந்துவிடும். கண் வேண்டுமாயின் அதனைத் தனியே, வேறொரு துளை வழியாக, வேறொரு நிறத்தில் பின்னர்ப் பதிக்க வேண்டும். கதையிலும் பெரிய மீனின் கண் இவ்வாறே அமைகிறது. அது சிவப்புக் கூட்டத்திற்குள்ளிருந்து வரவில்லை. வெளியிலிருந்து வந்த, வேறு நிறமுள்ள ஒரு மீன் இறுதியாக அங்குச் சேர்கிறது. ஸ்டென்சிலின் தொழில்நுட்ப வரம்பும் கதையின் திருப்புமுனையும் ஒரே புள்ளியில் பொருந்துகின்றன. லியோனி ஸ்டென்சிலை எண்ணி இதனை அமைத்தார் என்று கொள்ளத் தேவையில்லை. கற்பிப்போர்க்கு இப்பொருத்தம் பயன் தருகிறது என்பதே இங்கு முக்கியம்.

பெரிய மீனின் உருவமும் கருதத்தக்கது. அதற்கென்று தனி எல்லைக்கோடு இல்லை. சிறு மீன்களின் வரிசையே அதன் விளிம்பு. எத்தனை மீன், எவ்வளவு நெருக்கம், வால் எங்கே ஒடுங்குகிறது என்பவற்றைக் குழந்தையே முடிவு செய்ய வேண்டும். இங்குத் திரும்பச் செய்தல் சலிப்பூட்டும் நகலெடுப்பாக அமைவதில்லை. இருபதாவது மீன் இல்லாமல் முதுகு முழுமை பெறாது என்பதால், இருபதாவது முறை ஒற்றுவதற்கும் பொருள் உண்டு.

7. யார் வெட்டுவது?

இச்செயலில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. நேரக்குறைவாலோ பாதுகாப்புக் கருதியோ ஆசிரியரே மீன் துளைகளை வெட்டிக் கொடுத்தால் வேலை விரைவாக முடியும்; சுவரில் ஒட்டும் படங்களும் ஒழுங்காக இருக்கும். ஆனால் அப்போது குழந்தைகள் அனைவரும் ஆசிரியரின் மீனையே பதிப்பர். மாதிரிப்படத்தைப் பார்த்து வரைந்த பழைய வகுப்பு, வண்ணத்தோடு மீண்டும் வந்துவிடும். இன்னும் ஒருபடி சென்று, பெரிய மீனின் எல்லைக்கோட்டையும் அச்சிட்டுக் கொடுத்தால் குழந்தைக்கு எஞ்சுவது இட்டு நிரப்பும் வேலை மட்டுமே.

ஒற்றுமையை வலியுறுத்தும் கதையாக மட்டும் 'ஸ்விம்மி' வாசிக்கப்படும்போது இவ்வொழுங்கு குறையாகத் தெரிவதில்லை. மாறாக, கதையின் பொருளுக்கு ஏற்றதாகவே தோன்றக்கூடும். ஆனால் கதையில் சிவப்பு மீன்கள் கறுப்பாகவில்லை. கறுப்பு மீன் சிவப்பாகவும் இல்லை. தனித்துச் சென்று கடலைக் கண்டு மீண்ட மீனே கண்ணாகிறது. ஒவ்வொரு குழந்தையும் வெட்டிய மீன் ஒவ்வொரு விதமாக இருக்கும். ஒன்று பருத்திருக்கும், ஒன்றின் வால் கோணியிருக்கும். அவை அனைத்தும் ஒரே பெருந்தாளில் கூடும்போதே கதை கூறும் ஒற்றுமை கண்ணுக்குப் புலனாகிறது. தானே வரைந்து, தானே வெட்டி, தானே அச்சிடும் படைப்பச்சு நெறி, ஏழு வயதுக் குழந்தையின் மடித்த தாளிலும் கத்தரிக்கோலிலும் நிறைவேறுவது இவ்வாறுதான்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, ஜப்பானியப் பள்ளியில் ஸ்டென்சில் புதிதாக வந்த விளையாட்டன்று. கதகாமிக் கைவினையும் காரிபான் படியெடுப்பும் அதற்கு முன்வரலாறாக அமைந்தன. இரண்டாவதாக, திரும்பச் செய்தல் என்பதாலேயே அது கட்டற்ற ஓவியக் கொள்கைக்குப் பகையாகிவிடாது. எவருடைய வடிவம் திரும்பச் செய்யப்படுகிறது என்பதே முடிவான வினா. மூன்றாவதாக, 'ஸ்விம்மி' போன்ற படநூல் கலைப்பாடத்திற்கு வெறும் தலைப்பை மட்டும் தருவதில்லை. ஒரே வடிவம் ஏன் பலமுறை வேண்டும், கண் ஏன் தனியே வர வேண்டும் என்பவற்றுக்கு அது காரணம் தருகிறது. காரணம் அறிந்து செய்யும் குழந்தைக்கு நுட்பத்தின் வரம்புகள் தடைகளாவதில்லை.

ஆகவே படநூலைத் துணையாகக் கொண்டு ஸ்டென்சில் கற்பிக்கும் ஆசிரியர், வண்ணத்தையும் தாளையும் தேர்வதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது ஒன்றே: கத்தரிக்கோல் யார் கையில் இருக்கும் என்பது. வகுப்பில் குழந்தைகள் செய்வது கலையா, மாதிரியை நகலெடுக்கும் பழைய பயிற்சியா என்பதை அத்தீர்மானமே பெரிதும் முடிவு செய்கிறது.